ஹாலே நகரம்: போகுமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது ஹாலே. உப்புக் கிணறுகளால் வளர்ந்த ஊர். எழுத்தில் முதன்முதலாக வருவது 806-ல். இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்ததும், தரங்கம்பாடிக்கு மிஷனரிகள் புறப்பட்டு வந்ததும் இங்கிருந்துதான். ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும், ஆய்வுக்காகப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

ஹாலேன்னா டென்னிஸ் போட்டி நடக்குமே, அந்த ஊரா?

இல்லை. டென்னிஸ் ஹாலே வெஸ்ட்ஃபாலியாவில், மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் சிறு ஊர். பெல்ஜியத்திலும் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஒரு ஹாலே உண்டு. ரயில் செயலியில் வெறுமனே ஊர்ப் பெயரை மட்டும் தட்டி, முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. நிலையத்தின் பெயரோடு ‘சாலே’ என்ற ஆற்றின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

உச்சரிப்பையும் கேட்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் முதல் எழுத்தைக் குறிலாகவே சொல்கிறார்கள், கடைசி எழுத்தை அரைகுறையாக விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் மிஷன் வரலாற்று நூல்கள் வழியாக ‘ஹாலே’ என்று நிலைத்துவிட்டது. அதையே வைத்துக்கொள்வோம்.

எந்த ஏர்போர்ட்ல இறங்கணும்? லைப்சிக்-ஹாலேன்னு ஒண்ணு இருக்கே?

இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் சரக்கு விமானங்களின் ராஜ்ஜியம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பெர்லினிலோ இறங்கி ரயில் ஏறுவதுதான் வழக்கம். பெர்லினிலிருந்து ஐசிஇ அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். லைப்சிக்கிலிருந்து எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயிலில் அரை மணி.

மலிவு டிக்கெட் வாங்கினால் குறிப்பிட்ட அந்த ரயிலில்தான் போக முடியும். விமானம் தாமதமானால் அந்த டிக்கெட் வீண். ஆனால் ரயிலே தாமதமாகி, போய்ச்சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு விடுபட்டுவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ரயில் என்றால் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தா எல்லாத்துலயும் ஏறலாம்தானே?

ஏற முடியாது. 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ ஆகிவிட்ட இந்தச் சீட்டு வட்டார ரயில், எஸ்-பான், டிராம், பேருந்துக்கு மட்டும். ஐசிஇ, ஐசி வண்டிகளில் செல்லாது. இது மாதச் சந்தா என்பதையும் மறக்கிறார்கள்: அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வங்கிக் குறுஞ்செய்தி பார்த்து விழிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு நாள் போதுமா? லைப்சிக்ல தங்கிட்டு மத்தியானமா வந்துட்டுப் போயிடலாம்னு பார்க்கிறோம்.

பெரும்பாலோர் செய்வது இதைத்தான், ஏமாறுவதும் இதனால்தான். பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்குவார்கள். சந்தைச் சதுக்கத்தில் படம், அப்புறம் சாப்பாடு, ஹேண்டல் வீடு. நான்கு மணிக்கு மேல், பழைய அனாதை இல்ல வளாகமான ஃபிராங்கே அறநிலையத்தைத் தேடிப் போவார்கள். அங்கே ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஊரிலேயே நின்று நிதானமாகப் பார்க்கவேண்டிய இடத்துக்கு முக்கால் மணி நேரம்கூட மிஞ்சாது.

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை பத்து மணிக்கே ஃபிராங்கே அறநிலையம், மூன்று மணி நேரம். பிற்பகலில் சந்தைச் சதுக்கமும் தேவாலயமும். இரண்டாம் நாள் காலை தொல்பொருள் அருங்காட்சியகம், இரண்டரை மணி நேரம். அப்புறம் ஹேண்டல் வீடோ மோரிட்ஸ்பர்க் கோட்டையோ. ஒரே நாள்தான் என்றால் முதல் நாள் திட்டத்தை மட்டும் செய்யுங்கள். நான்கையும் ஒரே நாளில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

எந்தக் கிழமை போகக் கூடாது?

திங்கட்கிழமை. ஃபிராங்கே அறநிலையத்தின் கண்காட்சிகள், ஹேண்டல் வீடு, தொல்பொருள் அருங்காட்சியகம் மூன்றும் அன்று பொதுப் பார்வைக்கு இல்லை. மோரிட்ஸ்பர்க் கலை அருங்காட்சியகம் மட்டும் திங்களில் திறந்திருக்கும், அதற்குப் புதன்கிழமைதான் விடுமுறை. திங்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுவே ஆறுதல். பண்டிகை நாட்களில் நேரம் மாறும், அவரவர் இணையப் பக்கத்தில் முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு வேறு மாதிரி. அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், கடைகள் மூடியிருக்கும். பால், ரொட்டி வேண்டுமென்றால் ரயில் நிலையக் கடைகள்தான் கதி. காலையில் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும்போது சுற்றிப்பார்க்க அனுமதியில்லை.

ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாமா? பெட்டி வேற இருக்கே.

வெறுங்கையோடு என்றால் சந்தைச் சதுக்கத்துக்கு 15 நிமிட நடை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ரீபெக் சதுக்கம் என்ற பெரிய போக்குவரத்து வட்டம் வரும். அதைத் தாண்டினால் லைப்சிகர் தெரு, வண்டிகள் வராத கடைத்தெரு. பழைய கோட்டை மதிலில் மிஞ்சிய லைப்சிக் கோபுரத்தைக் கடந்து நேரே நடந்தால் சதுக்கத்தில் போய் முடியும். உருளைப் பெட்டியோடு வருகிறவர்களைப் பழைய நகரத்தின் சதுரக்கல் தெருக்கள் படுத்திவிடும். கல்லிடுக்கில் சிறு சக்கரம் சிக்கி அச்சோடு பெயர்ந்து வருவது வாடிக்கை. பெட்டியை நிலைய லாக்கரில் வையுங்கள், அல்லது டிராமில் போங்கள்.

டிராம் எண்களை இங்கே எழுதவில்லை. பாதை வேலைகளால் அடிக்கடி மாறுகின்றன. ‘மார்க்ட்பிளாட்ஸ்’, ‘ஃபிராங்கேபிளாட்ஸ்’ என்ற நிறுத்தப் பெயர்களை வைத்துக்கொண்டால் போதும். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறியதும் முத்திரைக் கருவியில் நுழைத்துத் தேதி அடிக்க வேண்டும். அடிக்காத சீட்டு கையில் இருந்தாலும் சீட்டில்லாத பயணம்தான், அபராதம் 60 யூரோ. ‘தெரியாது, நான் வெளியூர்’ என்பது எடுபடாது.

சதுக்கத்துல அஞ்சு கோபுரம் தெரியுதே, எல்லாம் ஒரே சர்ச்சா?

நான்குதான் தேவாலயத்தின் கோபுரங்கள். ஐந்தாவது தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். அது தேவாலயம் அல்ல, மணிக்கூண்டு. 1418-ல் தொடங்கி 1506-ல் முடித்த 84 மீட்டர் உயரக் கட்டடம். 1945 ஏப்ரலில் அதன் கூம்பு எரிந்து போய், 1970-களில்தான் மீண்டும் ஏறியது. உள்ளே 76 மணிகள் கொண்ட இசைமணித் தொகுதி இருக்கிறது. அது முழங்கும் நேரத்தில் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருப்பது வீண் முயற்சி.

நான்கு கோபுரத் தேவாலயத்தின் கதை கொஞ்சம் விசித்திரமானது. சதுக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு தேவாலயங்கள் நின்றன. கர்தினால் ஆல்பிரெக்ட் இரண்டையும் இடிக்கச் சொல்லி, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிய கூடத்தை எழுப்பினார். 1529-ல் தொடங்கி 1554-ல் முடிந்தது வேலை. மேற்குப் பக்கம் கூர்மையாக நிற்பவை ஒரு தேவாலயத்தின் மிச்சம், கிழக்கில் சிறு பாலத்தால் இணைந்தவை மற்றதன் மிச்சம். பாலமுள்ள ஜோடியில் தீ எச்சரிக்கைக்காகக் காவல்காரர் குடியிருந்தார். வழிகாட்டியோடு அதில் ஏறலாம்.

கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் செல்வாக்கைத் தடுக்கவே ஆல்பிரெக்ட் இதைக் கட்டினார். கூடம் முடியுமுன்பே ஊர் லூத்தர் பக்கம் சாய்ந்துவிட்டது. லூத்தரே வந்து இங்கே பிரசங்கம் செய்தார். 1546-ல் அவர் ஐஸ்லேபனில் இறந்து, உடலை விட்டன்பர்க்குக் கொண்டுபோகும் வழியில் இங்கேதான் ஓர் இரவு வைத்திருந்தார்கள். அவருடைய முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுத்த மெழுகு வார்ப்பு தனி அறையில் இருக்கிறது, சிறு கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம்.

போர்ல தப்பிச்ச ஊருன்னாங்க. அப்புறம் ஏன் பழைய வீட்டுக்கு நடுவுல இவ்வளவு கான்கிரீட்?

பெரிய ஜெர்மன் நகரங்களோடு ஒப்பிட்டால் குண்டுவீச்சில் ஹாலே இழந்தது குறைவு. இழப்பு பின்னால் வந்தது. கிழக்கு ஜெர்மன் அரசு 1964 முதல் ஆற்றுக்கு மேற்கே ஹாலே-நொய்ஸ்டட் என்ற அடுக்குமாடி நகரத்தைக் கட்டுவதில் பணத்தைக் கொட்டியது. பழைய நகரத்தின் கூரைகள் ஒழுகின. பல தெருக்கள் இடிந்துபோய், அந்த இடத்தில் சிமெண்டுப் பலகை வீடுகள் வந்தன.

ஃபிராங்கே அறநிலையத்தின் வாசலில் இதைக் கண்ணால் காணலாம். 300 ஆண்டு பழைய முகப்புக்கு எதிரே, நகரத்துக்கும் அதற்கும் நடுவில், தூண்கள் மேல் ஓடுகிறது ஒரு மேம்பாலச் சாலை. அழகு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பொம்மை வீடு போன்ற ஊர்தான் வேண்டுமென்றால் குவெட்லின்பர்க்குக்குப் போகலாம். ஹாலே ஒப்பனை போட்டுக்கொள்ளாத ஊர், அடுக்குகள் அப்படியே வெளியே தெரியும். எங்களுக்குப் பிடித்ததும் அதுதான்.

ஃபிராங்கே அறநிலையம்னா என்ன? அனாதை இல்லத்துல பார்க்க என்ன இருக்கும்?

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்பவர், நகர மதிலுக்கு வெளியே கிளௌஹா என்ற ஏழைப் பகுதியின் போதகர். 1695-ல் அவருடைய வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலர் 16 குரோஷன் போட்டார்கள். அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-ல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல். அதன்பின் பள்ளிகள், அச்சகம், புத்தகக்கடை, மருந்தகம் என்று ஒரு தனி நகரமே எழுந்தது. மருந்துகளை வெளிநாடுகளுக்கு விற்ற வருமானம்தான் பெரும்பகுதிச் செலவைத் தாங்கியது.

வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, இன்றும் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் இயங்குகின்றன. முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைப் பாருங்கள். உள்முற்றத்தில் ஒரு பக்கம் முழுவதும் நிற்கும் மரச்சட்டக் கட்டடம் 100 மீட்டருக்கு மேல் நீளம், ஆறு தளம். இந்த வகையில் ஐரோப்பாவின் மிகப்பெரிய வீடுகளில் ஒன்று. 1989-ல் இவையெல்லாம் இடிந்து விழும் நிலையில் இருந்தன. வோல்ஃபன்பியுட்டல் நூலகத்தை நடத்திய பவுல் ராபே பொறுப்பேற்று மீட்டெடுத்தார்.

அனாதை இல்லத்தின் மாடத்திலுள்ள அற்புதப் பொருள் அறைக்கும், பின்னால் தனிக் கட்டடத்தில் உள்ள பழைய நூலகத்துக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும். கூரை மேல் ஒரு மேடை உண்டு. அங்கிருந்து ஐந்து கோபுரங்களும் ஒரே பார்வையில் விழும்.

அந்த அற்புதப் பொருள் அறைக்குள்ள எதைப் பார்க்கணும்? பழைய பொருள் குவியல்னு சொன்னாங்களே.

வேகமாகப் பார்த்தால் குவியல்தான். சாய்கூரைக்குக் கீழே நீண்ட அறை, சுவரோரம் வண்ணம் தீட்டிய 16 பேழைகள், சுமார் 3,000 பொருட்கள். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. கோட்ஃபிரீட் ஆகஸ்ட் குரியுண்ட்லர் என்ற ஓவியர் 1741 வாக்கில் இதை வரிசைப்படுத்திப் பட்டியலும் எழுதினார்.

முதலில் பேழைகளின் தலைப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதோ அதை உச்சியில் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்: சிப்பிப் பேழையின் நெற்றியில் சிப்பிகள், எழுத்துப் பேழையின் நெற்றியில் எழுத்துகள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் எது எங்கே என்று புரியும். இது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைத்த அறை, பணக்காரர் வீட்டுப் பெருமைக் கூடம் அல்ல. நடுவில் நிற்கும் பெரிய வான மாதிரிகள் இரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கம். ஒன்றில் நடுவில் பூமி, மற்றதில் நடுவில் சூரியன். போதகர் நடத்திய பள்ளியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

தரங்கம்பாடியிலிருந்து அனுப்பியவை ‘மலபாரிகா’ என்ற பகுதியில். வெளிச்சம் மங்கலாக இருக்கும், கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

மலபார்னா கேரளா ஆச்சே? தமிழ்ப் பொருளுக்கு ஏன் அந்தப் பேர்?

போர்த்துகீசியர் வழக்கத்தைப் பின்பற்றி, அன்றைய ஐரோப்பியர் தமிழையும் ‘மலபார் மொழி’ என்றே எழுதினார்கள். கற்றவர்கள் ‘தமுலிக்’, ‘தமுல்’ என்றும் எழுதினார்கள். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு 1716-ல் ஹாலேயில் அச்சிட்ட தமிழ் இலக்கணத்தின் பெயரே ‘கிராமாட்டிக்கா தமுலிக்கா’தான். அதனால் பழைய பட்டியல்களில் தமிழ் என்று மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். மூன்று பெயரிலும் தேடுங்கள்.

ஓலைச்சுவடி எல்லாம் அங்க இருக்காமே, நேர்ல போனா காட்டுவாங்களா?

காட்சிக்கு வைத்திருப்பதை யாரும் பார்க்கலாம். மற்ற ஓலைகளும் மிஷனரிகளின் கடிதங்களும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அது ஆய்வு வாசகர்களுக்கு உரியது. திடீரென்று போய் நின்றால் கிடைக்காது. சில வாரம் முன்பே மின்னஞ்சலில் என்ன ஆய்வு, எந்த எண்ணுள்ள சுவடி, எந்த நாட்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பையும் கோட்டும் வெளியே.

எழுதுவதற்கு முன் மின்னுருவம் இருக்கிறதா என்று அறநிலையத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். இருந்தால், அசலைப் பார்க்கத் தனிக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எண் தெரியாமல் ‘தமிழ் ஓலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதும் மடலுக்குப் பயனுள்ள பதில் வராது.

தமிழ் அச்சு ஹாலேவிலதானே முதல்ல ஆரம்பிச்சுது?

இல்லை, பரவலான தவறு இது. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வந்துவிட்டது. ஹாலேயின் பங்கு அதற்கு 135 ஆண்டுகளுக்குப் பிறகு. பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சாவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்தார்கள். அவர்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து ஹாலேயில் தமிழ் எழுத்து வெட்டி வார்த்து, கப்பலில் அனுப்பினார்கள். 1713-ல் தரங்கம்பாடி அச்சகம் அதைக்கொண்டு வேலை தொடங்கியது.

எழுத்தின் அளவில்தான் சிக்கல். ஹாலே எழுத்து பெரிதாக இருந்தது, ஒரு பக்கத்தில் சில வரிகளே பிடித்தன. கப்பலில் வரும் காகிதமோ விலை அதிகம். அப்படியே புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கட்டுப்படியாகாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. பொறையாறில் காகித ஆலை வைத்ததும் இந்தக் காகிதத் தட்டுப்பாட்டால்தான்.

சீகன்பால்கு கல்லறை ஹாலேவில எங்க இருக்கு?

ஹாலேயில் இல்லை. 1719-ல் தரங்கம்பாடியில் இறந்தார், அங்கே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் கல்லறை. அவர் பிறந்ததும் ஹாலே இல்லை, சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ். ஹாலேயில் படித்ததும் கொஞ்ச காலம்தான். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். ஹாலே கொடுத்தது ஆள், அச்சு, மருந்து, இடைவிடாத கடிதப் போக்குவரத்து.

ஃபிராங்கேயின் கல்லறை வேண்டுமானால் ஹாலேயில் உண்டு. ‘ஷ்டட்காட்ஸ்அக்கர்’ என்ற பழைய இடுகாட்டில், 1557 முதல் கட்டிய 94 வளைவுகளுக்குள் ஊர்ப் பெரியவர்கள் அடக்கம். ஹேண்டலின் தந்தையும் அங்கேதான். அனுமதி இலவசம், கூட்டமே இருக்காது. கோடைப் பிற்பகலில் உட்கார இதைவிட நல்ல இடம் இல்லை.

நெப்ரா வானத்தட்டுன்னா என்ன? அதுக்காகவே போகலாமா?

போகலாம். சுமார் 32 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தட்டு, அதன்மேல் பொன்தகட்டில் நிலவும் வட்டமும் விண்மீன்களும். மண்ணில் புதைத்து ஏறத்தாழ 3,600 ஆண்டு ஆகிறது. 1999-ல் உலோகம் தேடும் கருவியோடு திரிந்த புதையல் திருடர்கள் தோண்டியெடுத்து விற்றார்கள். 2002-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் காவல்துறை ஓர் ஆளை வாங்குபவர்போல் பேசவைத்துத் தட்டை மீட்டது. நிலவுக்கும் வட்டத்துக்கும் நடுவில் நெருக்கமாக ஏழு பொட்டுகள் தெரியும். அவை கார்த்திகை மீன்கள் என்பது ஆய்வாளர் கருத்து. நம் சங்கப் பாடல்கள் அறுமீன் என்பது இதே கூட்டத்தைத்தான்.

தொல்பொருள் அருங்காட்சியகத்தில், இருட்டான அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். அசல் சில சமயம் வேறு நாட்டுக் கண்காட்சிக்குப் போய்விடும், நகல்தான் இருக்கும். சீட்டு எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். நெப்ரா என்ற சிறு ஊரிலும் ஒரு பார்வையாளர் மையம் உண்டு. தட்டு அங்கே இருக்கும் என்று போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. அசல் இருப்பது ஹாலேயில்.

ஹேண்டல் வீடு, மோரிட்ஸ்பர்க் இரண்டுல எது?

மேற்கத்திய இசையில் ஈடுபாடு இருந்தால் ஹேண்டல் வீடு. 1685-ல் அவர் பிறந்த இல்லம், பழைய இசைக்கருவிகளின் தொகுப்பும் உண்டு. இல்லையென்றால் மோரிட்ஸ்பர்க். முப்பதாண்டுப் போரில் 1637-ல் எரிந்த கோட்டையின் சுவர்களுக்குமேல் 2008-ல் அலுமினியக் கூரை போட்டு அருங்காட்சியகத்தை விரித்திருக்கிறார்கள். லியோனல் ஃபைனிங்கர் 1929 முதல் 1931 வரை இந்தக் கோட்டை வாயில் கோபுரத்தில் உட்கார்ந்து ஊரை வரைந்தார். சதுக்கத்தின் கோபுரங்களைப் பார்த்த பிறகு அந்த ஓவியங்களைப் பார்த்தால் பிடிபடும்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

இது பல்கலைக்கழக ஊர், அதனால் கஷ்டமில்லை. ஃபலாஃபெல் கடைகளும் இந்திய உணவகங்களும் உண்டு, பெரும்பாலான உணவுப்பட்டியலில் ‘வேகன்’ என்று தனியாகப் போடுகிறார்கள். ‘வெகிடாரிஷ்’ என்றால் முட்டை இருக்கலாம். ஏமாற்றுவது சூப்பும் வறுத்த உருளைக்கிழங்கும்தான். பருப்புச் சூப்பில் தொத்திறைச்சித் துண்டும், உருளைக்கிழங்கில் ‘ஷ்பெக்’ எனும் பன்றிக் கொழுப்பும் சொல்லாமலே வரும். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்’ என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘ஓனே’ என்றால் இல்லாமல்.

தண்ணீர் கேட்டால் சோடா வரும், பில்லும் வரும். குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது, புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புட்டியைக் கசக்காதீர்கள். அதன்மேல் 25 சென்ட் வைப்புத்தொகை இருக்கிறது, பல்பொருள் அங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். கசங்கினால் இயந்திரம் பட்டைக்கோட்டைப் படிக்காது.

ஹல்லோரன் உருண்டைன்னு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அது என்ன?

சாக்லேட். 1804-ல் தொடங்கிய தொழிற்சாலை, ஜெர்மனியில் இன்றும் ஓடுவதில் மிகப் பழையது. ஹல்லோரன் என்பவர்கள் உப்புக் காய்ச்சும் கூட்டத்தார். அவர்கள் சட்டையின் உருண்டை வெள்ளிப் பொத்தான்தான் இந்த வடிவம். உப்புக் கிணறுகள் இருந்த இடம் ஹால்மார்க்ட், தேவாலயத்தின் பின்புறம் படியிறங்கினால் வரும். ஊர்க்காரர்கள் ஒரு கேலி சொல்வார்கள்: இங்கே பிறந்தவர் ஹல்லென்சர், உப்புக் காய்ச்சுபவர் ஹல்லோரன், பிழைக்க வந்தவர் ஹல்லுங்கன். கடைசிச் சொல்லுக்குப் போக்கிரி என்றும் பொருள்.

வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். சில வகைகளில் மது சேர்ந்திருக்கும். கோடையில் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தால் உருண்டை தட்டையாகிவிடும்.

எந்த மாசம் நல்லது?

மே முதல் செப்டம்பர். ஹார்ஸ் மலையின் மழைமறைவில் இருப்பதால் ஊர் வறண்டது, ஆண்டு மழை 500 மி.மீ. அளவுதான். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. ஹேண்டல் விழா நடக்கும் நாட்களிலும், மார்ச்சில் லைப்சிக் புத்தகக் கண்காட்சி சமயத்திலும் அறை வாடகை ஏறும்.

கிழக்கு ஜெர்மனி, நம்ம நிறத்துக்குப் பாதுகாப்பானு பயமா இருக்கே?

பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டோம். 2019 அக்டோபர் 9-ல், யூதர்களின் யோம் கிப்பூர் நாளன்று, ஒரு வலதுசாரித் தீவிரவாதி இங்குள்ள யூத ஆலயத்துக்குள் சுட்டுக்கொண்டே நுழையப் பார்த்தான். கதவு தாங்கிக்கொண்டது. வெளியே இருவரைக் கொன்றான். குண்டு துளைத்த அந்தக் கதவை இன்று நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். குடியேறிகளை எதிர்க்கும் அரசியலுக்கும் இந்த மாநிலத்தில் ஆதரவு அதிகம்.

அதேசமயம் நகர மையத்தில், பகலில், பார்வையாளராகப் போகிறவருக்குத் தொல்லை வருவது அரிது. வெளிநாட்டு மாணவர்கள் நிறைய நடமாடும் ஊர். இரவு வெகுநேரம் கழித்து வட்டார ரயிலில் வந்தால் ஆளுள்ள பெட்டியில் உட்காருங்கள். கால்பந்து ஆட்டம் முடிந்து குடித்துவிட்டு வரும் கூட்டம் இருந்தால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112.

சீகன்பால்கு எழுதின புத்தகத்தை ஃபிராங்கே அமுக்கிட்டாராமே, நிஜமா?

பெருமளவு நிஜம். தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-ல் ஒரு பெருநூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஊர் ஊராகக் கேட்டறிந்த செய்திகள் அதில் இருந்தன, ஐயனாரும் மாரியம்மனும் உட்பட. மிஷனரிகளை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃபிராங்கேயின் நிலை. அச்சேறவில்லை. சீகன்பால்கு பெயரோடு அது அச்சானது 1867-ல், சென்னையில்.

இதனால் ஹாலே தமிழைப் புறக்கணித்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. 1708-ல் தாம் சேர்த்த தமிழ் நூல்களைச் சீகன்பால்கு பட்டியலிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவை, திருக்குறள் உட்பட. பதிப்பிக்க மறுத்தவர்கள்தான் கடிதங்களை ஒன்றுவிடாமல் பாதுகாத்தும் வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கடற்கரையின் அன்றாடத்தை எழுதப் போகும் ஆய்வாளர், மேலே சொன்ன மின்னஞ்சலை எழுதிவிட்டு இங்கேதான் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

ரயில் மாறும் இடைவெளி மூணு மணி நேரம்தான் இருக்கு. வெளிய போகலாமா?

செவ்வாய் முதல் ஞாயிறு வரை, பத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றால் போங்கள். பெட்டி லாக்கருக்கு. நேரே ஃபிராங்கே அறநிலையம், கால்மணி நடை. ஒன்றரை மணி நேரம் மாடத்து அறைக்கும் கூரை மேடைக்கும். நூலகத்தை விட்டுவிடுங்கள். மேம்பாலத்தின் அடியில் புகுந்து சந்தைச் சதுக்கத்துக்குப் பத்து நிமிடம், அங்கே இருபது நிமிடம். லைப்சிகர் தெரு வழியாக நிலையத்துக்கு இன்னொரு பதினைந்து. லாக்கருக்கும் நடைமேடை தேடவும் பத்து நிமிடம் வையுங்கள்.

திங்கட்கிழமையானாலோ, ஐந்து மணிக்கு மேலானாலோ மாடத்து அறை கிடையாது. இடுகாட்டின் வளைவுகளைப் பார்த்துவிட்டுச் சதுக்கத்துக்குப் போங்கள். இருட்டுமுன் இடுகாட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதனால் அதை முதலில் வையுங்கள்.